செவ்வாய், வெள்ளி நீங்கலாக

மூன்றாம் எண் நோயாளி இறந்தபோது, அவரைக் கொல்லும் என்று எல்லாரும் நினைத்திருந்த கட்டி ஏறக்குறையக் காணாமல் போயிருந்தது.

பதினொரு சென்டிமீட்டர் கட்டி ஐந்தே வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஆய்வகத்தில் அல்வா வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அதே ஸ்கேனில் கல்லீரலும் சுருங்கியிருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள். கடைசி இரண்டு நாள் நினைவே இல்லை. பெயர் ஸ்டெல்லா. கணக்கு டீச்சர். நாற்பத்தொன்பது வயது.

கட்டியால் சாகவில்லை. மருந்தால் செத்தார்.

2041. திருநெல்வேலிக்கு வெளியே, நான்குவழிச் சாலையை ஒட்டியிருந்த பொருநை உயிரியல் ஆய்வகத்தில் டாக்டர் யாமினி ஒன்பது வருடமாக அந்த ஒரே மருந்தைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள். அதற்கு ஒன்றரை வரி நீளத்தில் ரசாயனப் பெயர் உண்டு. ஆய்வகத்தில் எல்லாரும் கூப்பிட்டது 'மௌனி' என்று.

எலிகளில் மௌனி ஓர் அதிசயம். கல்லீரலில் கட்டி உள்ள அறுபது வெள்ளெலிகள். தினம் ஓர் ஊசி, நாற்பத்திரண்டு நாள். ஐம்பத்தேழு எலிகளுக்குக் கட்டி கரைந்தது. ஒரே ஓர் எலிக்குக்கூடக் கல்லீரல் கெடவில்லை. அதை நம்பித்தான் மனிதர்களுக்கு வந்தார்கள். இங்கே ஏழு பேர். மூன்று வாரம் கழித்து, வேறு நான்கு ஊர்களில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

மனிதர்களுக்கு ஊசி கிடையாது. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பம்ப். தினமும் காலை ஆறு மணிக்கு அது தானாக ஒரு சொட்டு விடும். நோயாளி நினைத்தாலும் நிறுத்த முடியாது, டாக்டர் நினைத்தாலும் முடியாது. டெல்லியில் இருக்கும் மத்திய நெறிமுறைக் குழு மட்டும்தான் அதற்குக் கட்டளை அனுப்ப முடியும். மனிதக் கை பட்டால் ஒரு நாள் மறப்பார்கள், ஒரு நாள் விடுவார்கள், கணக்கு கெடும். அதனால் இந்த ஏற்பாடு. கேட்டவள் யாமினியேதான்.

இப்போது ஆறு பேரில் மூன்று பேருக்குக் கண் மஞ்சளாகியிருந்தது.

*

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிக்கப்படாது" என்றார் நான்காம் எண் கட்டிலில் இருந்த கொம்பையா.

அரசுப் பேருந்தில் முப்பது வருடம் பாபநாசம் தடத்தில் ஓட்டியவர். இப்போது கன்னம் ஒட்டி, முழி மஞ்சளாகி, தலையணைக்குள் பாதி புதைந்திருந்தார். அவர் மனைவி முத்துப்பேச்சி, யாமினியின் ஆய்வகத்தில் அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்பவள். எலிகளுக்குத் தீனி, தண்ணீர், கூண்டு மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் அவள்தான். அந்த எலிகள் பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவள். பார்த்ததால்தான் புருஷனைக் கூட்டிவந்து மனுக் கொடுத்தாள். குலுக்கலில் அவர் பெயரும் விழுந்தது.

"கேளுங்க."

"இந்த மருந்து உள்ள போயி என்னதான் செய்யுது? இவளைக் கேட்டா, 'எலிக்குச் சரியாச்சு, உமக்கும் சரியாவும்'ங்கா. நான் என்ன எலியா?"

யாமினி கட்டிலோரம் உட்கார்ந்தாள். "கண்டக்டர் ரைட் குடுக்காம வண்டிய எடுப்பீங்களா?"

"எடுத்தா மெமோதான்."

"செல்லும் அப்படித்தான். வளரணும்னா வெளியில இருந்து ஒரு தகவல் வரணும். வளர், ரைட்டுன்னு. புற்றுநோய்ல அந்த ரைட் நிக்கவே நிக்காது. பைத்தியம் பிடிச்ச கண்டக்டர் மாதிரி விசில் அடிச்சுக்கிட்டே இருப்பான். செல்லும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். மௌனி போய் அந்த விசில்ல துணிய அடைக்குது."

கொம்பையா மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தார்.

"நல்ல வண்டிக்கும் அதே கண்டக்டர்தானே?"

"என்ன?"

"ஈரலு தேஞ்சா தானா வளரும்னு சொன்னாவளே, அதுக்கும் ரைட் குடுக்கணும்லா. துணிய அடைச்சா அந்த வண்டியும்லா நின்னுரும்?"

ஒன்பது வருடத்தில் மூன்று நிபுணர் குழுக்கள் கேட்ட கேள்வி. மூன்று முறையும் யாமினி ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தாள். இப்போதும் சொன்னாள்.

"எலிகள்ல நிக்கலை, அண்ணாச்சி."

"நான் எலி இல்லைன்னு அப்பவே சொன்னேன்லா" என்றார் கொம்பையா. சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

*

அன்று மத்தியானம் யாமினி எலிகளின் பழைய பதிவுகளைத் திறந்தாள். ரத்தம், ஸ்கேன், திசு எல்லாம் நூறு தடவை பார்த்ததுதான். பார்க்காதது ஒன்றே ஒன்று. எடை.

ஒவ்வொரு கூண்டின் தரையிலும் ஒரு சின்னத் தராசு உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது எலியின் எடையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். வாரத்துக்கு ஒரு சராசரி போதும் என்று யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. யாமினி போனாள்.

ஊசி போட்டால் எலி நாலு மணி நேரம் தீனி எடுக்காது. எடை அரை கிராம் இறங்கும். மாலைக்குள் ஏறிவிடும். திரையில் அது ஒரு சின்னப் பள்ளம். தினம் ஒரு பள்ளம் வீதம் வரிசையாக, சீப்பின் பற்கள் போல வந்துகொண்டிருந்தது.

இரண்டு பற்கள் இல்லை.

அடுத்த வாரத்தைப் பார்த்தாள். அங்கேயும் இரண்டு. அடுத்த எலி. அதற்கும் அதே இரண்டு. அறுபது எலிகளுக்கும் ஆறு வாரமும் அதே இரண்டு நாள் எடை இறங்கவே இல்லை.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். செவ்வாய். வெள்ளி.

கூண்டு அட்டைகளின் நகல்களைத் திறந்தாள். ஒவ்வொரு கூண்டிலும் தொங்கும் அட்டையில் நாளுக்கு ஒரு கட்டம் உண்டு. நாற்பத்திரண்டு கட்டத்திலும் பச்சை மையில் டிக். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. டிக்கெல்லாம் ஒரே கையால் போட்டவை, அழகாக, வால் நீட்டி.

யாமினி எழுந்து கீழே இறங்கினாள்.

*

அனிமல் ஹவுஸில் எப்போதும் மரத்தூள் வாசனை. முத்துப்பேச்சி புதுத் தூளைக் கூண்டுகளில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. மேல் கோட்டுக்கு வெளியே சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"வாங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனியளா? சாப்பிட்டாவளா?"

"கொஞ்சம் சாப்பிட்டார். பேச்சியக்கா, ஒரு விஷயம் கேக்கணும். மறைக்காம சொல்லணும். செவ்வாய், வெள்ளியில நீங்க எலிகளுக்கு ஊசி போடறதில்லையா?"

முத்துப்பேச்சி பயப்படவில்லை. அதுதான் யாமினிக்கு அதிர்ச்சி. இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"செவ்வா வெள்ளி எங்க வீட்ல நகம்கூட வெட்ட மாட்டோம்மா. வாயில்லா சீவனைக் குத்தி எடுக்கவா?"

"டிக் போட்டிருக்கீங்களே."

"கட்டம் காலியா இருந்தா நீங்க வைவீக. முந்தி இருந்த டாக்டர் ஒருத்தர் காலிக் கட்டத்தைப் பாத்துட்டு ஒரு நாள் சம்பளத்தைப் பிடிச்சுட்டாரு. அதுலயிருந்து கட்டத்தை நெறச்சிருவோம்."

"நெறச்சிருவோமா? வேற யாரு?"

"எனக்கு முந்தி சங்கரவடிவு. அவளுக்கும் முந்தி ஒருத்தி இருந்தா. இங்க வந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்துருவாவ. தீனி தண்ணி வைக்கலாம், கூண்டு மாத்தலாம், ஊசி மட்டும் செவ்வா வெள்ளி நீங்கலா. மருந்தை ஊசியோட கழிவு போடுத செவப்பு டப்பால போட்டுருவோம்." கையிலிருந்த தூளைத் தட்டினாள். "வாரத்துல ரெண்டு நாளு அதுகளும் மூச்சு விடட்டும்னுதான். ஏம்மா, எலியெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

 யாமினி தரையில் கவிழ்த்து வைத்திருந்த காலிக் கூண்டின் மேல் உட்கார்ந்தாள்.

ஒன்பது வருடத்தில் எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊசி போடும் நேரத்தில் இந்த அறைக்குள் வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும். வரவில்லை. மரத்தூள் அவளுக்குத் தும்மலை வரவழைக்கும். அட்டைகளை மாடிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். கட்டுரையில், 'ஒரு நாள்கூட விடாமல் மருந்து செலுத்தப்பட்டது' என்று எழுதியது அவள்தான்.

"பேச்சியக்கா, உக்காருங்க."

"பரவாயில்லம்மா."

"உக்காருங்க. அந்த எலிகள் நல்லா இருந்தது மருந்தால மட்டும் இல்லை. நீங்க விட்ட அந்த ரெண்டு நாளாலதான். மருந்து இருக்கும்போது கட்டியும் வளராது, ஈரலும் வளராது. நீங்க ஒரு நாள் விட்டதும் நல்ல ஈரல் சட்டுனு எழுந்து பழுது பார்த்துக்குது. கட்டிக்கு அந்த ஒரு நாள் போதாது, அது எழுந்திருக்கிறதுக்குள்ள அடுத்த ஊசி வந்துடும். ஆனா நாங்க மனுசங்களுக்கு..."

முடிக்கத் தேவையிருக்கவில்லை. முத்துப்பேச்சியின் கை தன் வயிற்றுக்குப் போனது. தொப்புளுக்குப் பக்கத்தில், புருஷனுக்குப் பம்ப் இருக்கும் இடத்தில்.

"அந்த மிசினு செவ்வா வெள்ளி பாக்காதோ" என்றாள்.

*

ஆய்வக இயக்குநர் ஹென்றி பாக்கியநாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அறுபதை நெருங்கியவர். கோபப்படாதவர் என்று பெயர்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அந்தம்மாவுக்கு. இப்ப உங்களுக்கு."

"உக்காரும்மா. நிதானமா யோசிப்போம். உண்மையைச் சொன்னா என்ன நடக்கும்? எலிப் பதிவு பொய். அப்ப அனுமதியே செல்லாது. ஒரு மணி நேரத்துல எல்லாப் பம்பும் நிக்கும், எல்லா ஊர்லயும். மறுபடி அனுமதி வாங்க மூணு வருஷம். இவங்கள்ல யார் மூணு வருஷம் இருப்பா?"

"சொல்லலைன்னா?"

"நம்ம ஆறு பேரோட பம்புல மென்பொருள் கோளாறுன்னு எழுதுவோம். வாரத்துல ரெண்டு நாள் நிறுத்தி வைக்கணும்னு கேப்போம். உள்ளூர்க் கோளாறுக்கு உடனே அனுமதி கிடைக்கும். ஆறு பேரும் பிழைச்சாங்கன்னா, ரெண்டு மாசத்துல அதையே புது முறைன்னு சொல்லி எல்லா ஊருக்கும் குடுக்கலாம்."

"அந்த ரெண்டு மாசத்துல மத்த ஊர்ல நூத்திப் பன்னிரண்டு பேருக்குத் தினமும் காலைல ஆறு மணிக்கு சொட்டு விழுமே, சார். இன்னும் ரெண்டு வாரத்துல அவங்களுக்கும் கண் மஞ்சளாகும்."

ஹென்றி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெயிலில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"உன்கிட்ட இருக்கறது வெறும் எடைக் கோடு. தராசு கோளாறுன்னு ஒருத்தன் சொன்னா முடிஞ்சுது. அந்தம்மா தன் கையால எழுதிக் குடுத்தாத்தான் டெல்லியில எடுபடும். எழுதினா அவங்க வேலை போகும். புருஷனுக்கு மருந்தும் போகும். எழுதலைன்னா அந்த மனுஷன் பிழைக்கிறார்." திரும்பினார். "நான் ஒண்ணும் வற்புறுத்தலை. நீயே போய் அவங்ககிட்ட ரெண்டையும் சொல்லு. கூட்டாம, குறைக்காம."

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். கூட்டாமல், குறைக்காமல்.

முத்துப்பேச்சி டிபன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு கேள்வியும் இல்லை. முடிந்ததும், "அந்த ஊர்க்காரவியளுக்கு இது தெரியாதுல்லா?" என்றாள்.

"தெரியாது."

"அவிய வீட்லயும் எலி பிழைச்சதை நம்பித்தான் அனுப்பியிருப்பாவ."

எழுந்து வார்டுக்குள் போனாள். கண்ணாடி வழியாக யாமினிக்குத் தெரிந்தது. புருஷன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, வெகு நேரம் பேசினாள். கொம்பையா அசையாமல் படுத்திருந்தார். பிறகு அவர் ஏதோ சொன்னார், சுருக்கமாக. அவள் அவருடைய போர்வையைச் சரிசெய்தாள். தூக்கைத் திறந்து ரசம் சாதத்தை ஊட்டினாள். பாதி சாப்பிட்டார். வாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"'நூறு பஸ்ஸுக்கு பிரேக் இல்லைன்னு தெரிஞ்சும் டிப்போவுல சொல்லாம இருக்க முடியுமாட்டி'ன்னாவ." தூக்கின் மூடியைத் திருகினாள். சரியாக விழவில்லை. மறுபடி திருகினாள். "எங்க எழுதணும்மா? எனக்குக் கையெழுத்து கோணலா வரும்."

*

டெல்லிக்குத் தகவல் போன நாற்பதாவது நிமிடம் எல்லா ஊர்களிலும் பம்புகள் நின்றன.

ஹென்றி சொன்னதுபோலவே அனுமதி ரத்தானது. முத்துப்பேச்சியின் மேல் விசாரணை என்று கடிதம் வந்தது. ஆனால் ஹென்றி எதிர்பார்க்காத ஒன்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது. குழுவில் யாரோ ஒருவர் எடைக் கோடுகளை உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். மூன்று வருடம் வேண்டாம், ஆறு வாரம் தருகிறோம், நிரூபியுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அறுபது புது எலிகள். முப்பது எலிகளுக்குச் செவ்வாய், வெள்ளி நீங்கலாக ஊசி. மற்ற முப்பதுக்கும் தினமும், செவ்வாயும் வெள்ளியும் சேர்த்து. முதல் முப்பது பிழைத்து, இரண்டாவது முப்பது ஈரல் கெட்டுச் செத்தால் உண்மை நிரூபணம். மறுநாளே பம்புகள் புதுக் கணக்கில் ஓடும்.

ஒரு நிபந்தனை. பழைய எலிகளுக்கு ஊசி போட்ட அதே கைதான் இப்போதும் போட வேண்டும். கை மாறினால் எலி மிரளும், எடை மாறும், ஒப்பிட முடியாது. அதுவரை விசாரணை நிறுத்திவைப்பு. தினமும் டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்து அட்டையில் கையெழுத்திட வேண்டும்.

கடிதத்தை யாமினி தமிழில் படித்துச் சொன்னாள். முத்துப்பேச்சி ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அந்த ரெண்டாவது முப்பதும் செத்தாத்தான் இவிய எல்லாரும் பிழைப்பாவளோ?"

"ஆமா."

"நான் குத்தித்தான் சாவணும்."

யாமினி கடிதத்தை மடித்தாள்.

"சரி" என்றாள் முத்துப்பேச்சி.

முதல் செவ்வாய்க்கிழமை அவள் குளித்துவிட்டு, நெற்றியில் ஒன்றும் இட்டுக்கொள்ளாமல் வந்தாள். ஒரு எலிக்கு நாலு நொடி என்பது அவளுடைய வேகம். அன்று முதல் எலியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். எலி அவளுடைய பெருவிரலை முகர்ந்தது. பழகிய கை. கடிக்கவில்லை. குத்தினாள். பச்சை மையில் டிக் போட்டாள். யாமினி கீழே கையெழுத்திட்டாள். தும்மல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வெளியே போகவில்லை.

*

பம்ப் நின்ற பத்தாவது நாள் கொம்பையாவின் கண் வெளுத்தது. பசி வந்தது. சாளைக் கருவாடு கேட்டு நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம் பாபநாசம் மலைப்பாதையில் எதிரே யானை வந்த கதையைச் சொன்னார். இரண்டு வாரம் அப்படிப் போனது.

பிறகு ஸ்கேனில் கட்டி மறுபடி தலைகாட்டியது. விசிலில் இருந்த துணியை எடுத்தாகிவிட்டது. அது தன் வேலையைச் செய்தது. இரண்டு, நான்கு, ஏழு சென்டிமீட்டர்.

அவர் எதையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் மனைவி உள்ளே வந்ததும் கேட்பார்.

"இன்னைக்குக் குத்துனியாட்டி?"

"குத்துனேன்."

"எத்தனை?"

"முப்பது."

முதல் மூன்று வெள்ளி முப்பதுதான். நான்காவது வெள்ளி அவள் சொன்னாள்: "இருபத்தேழு."

கொம்பையா முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்ததை யாமினி பார்த்தாள். மூன்று எலி செத்தால் அவருக்கு அது நல்ல செய்தி.

"அந்தப் பக்கத்து முப்பது?"

"அப்படியே இருக்கு. ஓடி விளையாடுது."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது வெள்ளி பதினான்கு. மாடியில் யாமினியின் உதவியாளர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். கீழே முத்துப்பேச்சி செத்த எலிகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். விதிப்படி பாலிதீன் பை போதும். யாமினி தடுக்கவில்லை.

*

சோதனையின் முப்பத்தாறாவது நாள், திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு கொம்பையாவின் கட்டி உள்ளுக்குள் வெடித்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. இன்னும் ஏழு நாள் இருந்திருந்தால் பம்ப் ஓடியிருக்கும். இந்தக் கணக்கை யாமினி யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான்.

சாயங்காலமே சிந்துபூந்துறை ஆற்றங்கரையில் எரித்தார்கள். அதற்கு முன்பே யாமினி வீட்டுக்குப் போயிருந்தாள். பெண்கள் கூட்டத்தில் முத்துப்பேச்சியின் முகம் தெரியவில்லை.

மறுநாள் செவ்வாய். காலை ஏழு மணிக்கு யாமினி தானே சாவியை வாங்கி அனிமல் ஹவுஸைத் திறந்தாள். இரண்டாவது வரிசையில் பதினொரு எலிகள் மிச்சமிருந்தன. எல்லாம் மூலையில் சுருண்டு, காதெல்லாம் மஞ்சளாக. முதல் வரிசையில் முப்பதும் தீனிக் கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்தன.

முடிவு எப்போதோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் ஊசி விட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. புருஷனை எரித்த மறுநாள் ஒரு பொம்பளையைக் கூப்பிட்டு, போய் எலியைக் குத்து என்று எந்த வாயால் சொல்வது? தானே குத்தலாம் என்றால் கை மாறக் கூடாது. கட்டத்தைக் காலியாக விட்டால் டெல்லியில் மொத்தத்தையும் தூக்கி எறிவார்கள்.

பச்சைப் பேனா கூண்டுக்குப் பக்கத்தில் நூலில் தொங்கியது.

யாமினி பதினொரு அட்டைகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் அன்றைய கட்டத்தில், வால் நீட்டி, முத்துப்பேச்சி போடுவதுபோலவே டிக் போட்டாள். கீழே தன் கையெழுத்தை இட்டாள். அட்டைகளை மாட்டிவிட்டுத் திரும்பியபோது கதவருகே முத்துப்பேச்சி நின்றிருந்தாள்.

ஈரத்தலை. வெறும் நெற்றி. நேற்றைய சேலையாக இருக்க வேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சியக்கா, நீங்க ஏன் வந்தீங்க? உங்களை யாரு..."

முத்துப்பேச்சி அவளைத் தாண்டிப் போய் முதல் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. மை இன்னும் காயவில்லை. விரலில் பச்சை ஒட்டியது.

"நீங்க குத்துனியளாம்மா?"

 யாமினி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

 முத்துப்பேச்சியின் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்த ஒருத்தியைத் தெரியாத ஊரில் பார்த்ததுபோல யாமினியைப் பார்த்தாள்.

"எனக்காவ இரக்கப்பட்டிய" என்றாள்.

"ஆமா."

"நானும் அப்படித்தான் போட்டேன்."

அட்டைகளைக் கழற்றினாள், பதினொன்றையும். அடுக்கி, இரண்டாகக் கிழித்தாள். மறுபடி சேர்த்துக் கிழிக்கப் பார்த்தாள், தடிமனாக இருந்தது. அப்படியே சிவப்பு டப்பாவில் போட்டாள். பிறகு மேல் கோட்டை மாட்டினாள், சேலை முந்தானையை இழுத்து வெளியே செருகினாள், கையுறையை உதறி விரல் விரலாக நுழைத்தாள்.

"புது அட்டை எடுங்கம்மா. பழைய அட்டை மாடில நகல் இருக்கும்லா, பாத்து எழுதிக்கிடலாம். கிழிச்சது நாந்தான், ஏன் கிழிச்சேன்னும் எழுதிருங்க. இன்னைக்குத் தேதி மட்டும் போட்டு வைங்க. டிக் நான் குத்துன பொறவு போடுதேன்."

முதல் கூண்டின் மூடியைத் திறந்து கையை உள்ளே நீட்டினாள். மூலையில் கிடந்த எலி தலையைத் தூக்கி, தள்ளாடி, அந்தக் கையை நோக்கி வந்தது.